களி இறங்காத தொண்டை

அப்பா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சந்தில் மைமூனம்மா வீடு. நோன்பு மாதம். எழுபதுகளின் கடைசி என்று நினைவு. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்துவிட்டார்கள். மைமூனம்மாவின் வீட்டுக்காரர் பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்து நோன்பு திறந்துவிட்டார். அவர்களுடைய பையன்கள் இரண்டு பேரும் கஞ்சியை உறிஞ்சுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

நடுவில், பாயில் சம்மணம் போட்டு எங்கள் அப்பா. லாரி டிரைவர். காக்கிச் சட்டையில் டீசல் வாசம். சண்டை போடத்தான் வந்தார். வந்தவர் கையில் மைமூனம்மா நோன்புக் கஞ்சியைக் கொடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளுகிற அளவுக்கு அப்பா கெட்ட மனுஷன் இல்லை.

அவருக்கு எதிரில் என் தங்கச்சி பிச்சாயி. ஆறு வயது இருக்கும். கையில் ஒரு பருப்பு வடை. அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போகத்தான் அப்பா வந்திருந்தார். அவள் வரமாட்டேன் என்று சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கிண்ணத்தை வாய் வரைக்கும் கொண்டு போனார். கீழே இறக்கினார். மறுபடி கொண்டு போனார். பாலத்தில் எதிரே வண்டி வந்தால்கூட அசராத மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது.

அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் வீட்டுச் சோற்றுக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

எந்தப் பாதி?

பக்கத்து வீட்டு மருமகள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற அழகைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வாரம் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு. பிள்ளை போனைப் பார்த்து வாயைத் திறக்கும், சோற்றைப் பார்த்து மூடும். மாமியார்க்காரி உள்ளேயிருந்து, "அவ அம்மா வூட்டு வழி. அங்க எல்லாம் இப்படித்தான் நோண்டித் திம்பாங்க" என்று குத்துவாள். மருமகள் அழுவாள்.

டாக்டரிடம் போனார்களாம். சாப்பாட்டுப் பழக்கம் பாதி பிறவியிலேயே வருவது, பாதி வளர்க்கிற விதத்தில் வருவது என்று அவர் சொன்னாராம். எது எந்தப் பாதி என்று கேட்டதற்குச் சிரித்தாராம். அவர் யோக்கியமானவர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அப்படி யோக்கியமாக ஒருத்தரும் இருக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

வேண்டாம் என்று சொல்லாத வம்சம்

அப்பாவுக்கு வேப்பந்தட்டைப் பக்கம். மேட்டுக்காடு. கம்பு, சோளம், கேப்பை. அம்மாவுக்குத் தா.பழூர்ப் பக்கம். நெல் விளைகிற பூமி. இரண்டு பக்கமும் பூமி அடுத்தவனுடையது, வேலை எங்களுடையது. அம்மாவின் ஆட்கள் அறுப்பு முடிந்த வயலில் எலிவளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த கதிரை எடுத்துக் குத்திச் சோறாக்கித் தின்றவர்கள். அப்பாவின் ஆட்கள் கேப்பைக் களியில் பாதியும் கம்பங்கூழில் பாதியுமாக ஆயுளைத் தீர்த்தவர்கள்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் சோற்றைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது கொலைக்குற்றம்.

நான் கல்லைப் போட்டாலும் தின்பேன். கூழ், களி, பழையது, ஊசிப்போனது, ஊசிப்போகப் போவது எல்லாம் எனக்கு ஒன்றுதான். அதே வயிற்றில் பிறந்த பிச்சாயிக்கு அப்படி இல்லை. குழைந்ததாக, வழவழவென்று இருக்கிற எதுவும் அவள் தொண்டையில் இறங்காது. கூழை வாயில் விட்டால் நாக்கு தானாக வெளியே தள்ளும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். அப்புறம் கூழும் வெளியே வரும், காலையில் குடித்த தண்ணீரும் வெளியே வரும்.

காய்ந்தது எதுவானாலும் தின்பாள். பொரித்த சோளம், வறுத்த புளியங்கொட்டை, சட்டியின் அடியில் பிடித்த காந்தல். அந்தக் காந்தலைக் கரண்டியால் சுரண்டி எடுத்து எலி மாதிரி கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேளாவேளைக்குக் காந்தல் கிடைக்குமா? விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிப்போனாள். முழங்கால் முட்டி மட்டும் பெரிதாகத் தெரியும்.

பஞ்சாயத்து

இதற்கு யார் காரணம் என்று எங்கள் வீட்டில் நடந்த பஞ்சாயத்துக்குத் தலைவர் என் அத்தை. அப்பாவுடைய அக்கா. தாய் தகப்பன் போன பிறகு, பஞ்ச காலத்தில் அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். குரல் பெரிது. கை அதைவிடப் பெரிது. வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மூட்டை கேப்பையோடு வந்து இறங்குவாள். இறங்கும்போதே கண்டக்டரோடு ஒரு சண்டை முடிந்திருக்கும்.

"இது உன் வழிடி செல்லம்" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்வாள். "நெல்லுக்காட்டு நாக்கு. அரிசிச் சோத்துக்கு அலையுது. எங்க வம்சத்துல களியைத் துப்புன வாய் கெடையாது."

"எங்கூர்ல மட்டும் என்ன அண்ணி, நெல்லுச்சோத்துலயா குளிச்சோம்? வடிச்ச கஞ்சியைக் குடிச்சுட்டுத்தான் நாத்து நட்டோம். இவ அந்தக் கஞ்சியையும்தான் துப்பறா."

"அப்ப அது அந்தப் பாயம்மா பாலு. ரத்தம் நம்மளுது. பாலு ஊரான் பாலு. கொணம் மாறாம என்ன செய்யும்?"

இரண்டும் எடுபடாத நாளில் மூன்றாவது தீர்ப்பு ஒன்று இருந்தது. திமிர். அதற்கு மருந்து விளக்குமாறு.

ரத்தம், பால், திமிர். டாக்டர் சொன்ன பிறவியும் வளர்ப்பும்தான் இது. என்ன, டாக்டர் விளக்குமாறு எடுக்கவில்லை.

தவிட்டுக்கு வாங்கினது

அந்தப் பால் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்கும் பிச்சாயிக்கும் நடுவில் எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்து செத்துப்போயின. அதற்கப்புறம் இவள் பிறந்ததும் எமனை ஏமாற்ற ஊர் வழக்கப்படி ஒரு காரியம் செய்தார்கள். குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்தார்கள். இன்னொரு பொம்பளை வந்து தவிடு கொடுத்து அந்தக் குழந்தையை வாங்க வேண்டும். அப்புறம் பெற்றவளே போய், யாரோ மாதிரி, "உங்க புள்ளையை எனக்குப் பிச்சையாக் குடுங்க, நான் வளக்கறேன்" என்று கேட்டு வாங்கி வர வேண்டும். அடுத்தவள் பிள்ளை என்று நினைத்து எமன் இந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவானாம். பிச்சாயி என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

தவிடு கொடுத்து வாங்கினவள் மைமூனம்மா. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த பொம்பளை அவள் ஒருத்திதான். வழக்கப்படி மறுநாளே குழந்தை திரும்பியிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஜன்னி மாதிரி காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. மைமூனம்மா தன் பையனுக்கு ஒரு பக்கம், பிச்சாயிக்கு ஒரு பக்கம் என்று வாரக்கணக்கில் பால் கொடுத்தாள்.

எங்கள் அம்மாவுக்கு அது எமனுக்காக ஆடிய நாடகம். மைமூனம்மாவுக்கு அது நாடகம் இல்லை. "பால் குடுத்தவ தாயி. எங்க மார்க்கத்துல அது உறவு. எம் பசங்களுக்கு இவ தங்கச்சி. நாளைக்கு இவளை அவனுங்க கட்ட முடியாது தெரியுமா?" என்பாள். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். யார் கட்டப்போகிறார்கள் என்று. அவள் சிரிக்க மாட்டாள்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் பிச்சாயிக்கு ஒரு பாவாடைத் துணி வரும். எனக்கு வராது. அது நியாயம்தான் என்று எனக்கே தெரியும். ஆனாலும் எரியும்.

அவள் வீட்டில் பிச்சாயி சாப்பிடுவாள். அங்கே அரிசியா வழிந்தது? அவர்களும் கேப்பைதான். மைமூனம்மா அதை மாவாகப் பிசைந்து ரொட்டி தட்டிக் கல்லில் சுடுவாள். எங்கள் வீட்டில் அதே கேப்பையைக் களியாகக் கிண்டுவோம். இந்த வித்தியாசம் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. "பார்த்தியா, பாலு இழுக்குது" என்றுதான் அத்தை சொன்னாள்.

அப்பாவுக்குத் தனியாக

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிற இடம் இதுதான்.

அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப நாளாகும். திரும்பி வந்த அன்று அம்மா சட்டியில் எங்களுக்குக் களி கிண்டுவாள். அப்பாவுக்கு மட்டும் கேப்பை மாவில் முருங்கைக்கீரை போட்டு, எண்ணெய் விட்டு, முறுகலாக அடை சுடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆம்பளை. சம்பாதிக்கிறவர். நாக்குக்கு ருசியாகக் கேட்பார்.

பிச்சாயி அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். ஓரத்தில் ஒடிந்த துண்டை எடுப்பாள். அத்தை இருந்தால் கையில் ஒன்று விழும். "அப்பன் திங்கற பண்டத்துல கை வைக்கிற."

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். களி ஒரு சட்டி கிண்டினால் எல்லாருக்கும் ஆகும். அடைக்கு எண்ணெய் வேண்டும், ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் விடிந்ததும் சித்தாள் வேலைக்கு ஓட வேண்டும்.

ஆனால் கண் என்று ஒன்று இருந்ததே எல்லாருக்கும்! ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், களி தின்னாதவர்கள் இரண்டு பேர். அவர் தின்னாவிட்டால் ருசி. அவள் தின்னாவிட்டால் திமிர். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தேடித் தா.பழூர் வரைக்கும் போனார்கள், எதிர்ச்சந்துக்கு மைமூனம்மா மாரைத் தேடிப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அடையைக் கடித்துக்கொண்டிருந்த ஆளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அத்தை வருகிறாள் என்று தெரிந்தால் அப்பாவுக்கு உடனே எங்கிருந்தாவது லோடு கிடைத்துவிடும். அக்கா கையால் சாப்பிட அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "வண்டி நிக்குதுக்கா, வரேன்." அவ்வளவுதான். பிற்காலத்தில் ஒருநாள், சின்ன வயதில் லாரியில் கிளீனராக ஏறினதே ரோட்டோரக் கடையில் பரோட்டா கிடைக்கும் என்றுதான் என்று அவரே சொன்னார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

தட்டோடு போனாள்

அத்தைக்குக் கண்ணில் புரை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் காட்ட வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். அப்பா வழக்கம்போல லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தங்கின நேரத்தில் இந்தப் பிள்ளையைத் திருத்தி விட்டுத்தான் போவது என்று அத்தை முடிவு செய்தாள். பிச்சாயியைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். மூக்கைப் பிடித்தாள். வாய் திறந்ததும் களி உருண்டையை விரலால் தொண்டை வரைக்கும் தள்ளினாள்.

பிச்சாயி அத்தை மடியிலேயே கக்கினாள். அத்தை கட்டியிருந்தது ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்த நல்ல புடவை.

"இது நம்ம ரத்தமே இல்ல!" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "தவுட்டுக்கு வாங்குனது! தவுடு குடுத்தவ வூட்டுக்கே போய்த் தொலையட்டும்!"

பிச்சாயி வாயைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. மூலையில் இருந்த தன் ஈயத்தட்டை எடுத்தாள். கொடியில் காய்ந்த பாவாடையை உருவினாள். எதிர்ச்சந்தில் மைமூனம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலில் எல்லாரும் சிரித்தோம். சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மா போய்க் கூப்பிட்டாள்.

"நான் இந்த வூட்டுப் புள்ள" என்றாள் பிச்சாயி. "தவுடு குடுத்து வாங்கியாச்சு. நீ வளக்கத்தானே கேட்ட? வளத்தது போதும்."

ஆறு வயதுப் பிள்ளை. எமனுக்குச் சொன்ன பொய்யை எடுத்துப் பெற்றவள் முகத்தில் வீசினாள். அவளைப் பொறுத்தவரை அது பொய்யே இல்லை. ஊரே அதைத்தானே அவளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தது.

மைமூனம்மா நடுவில் வந்தாள். "செல்லம், நான் தூண்டி விடல. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. நோன்பு முடிஞ்சதும் நாங்க லப்பைக்குடிக்காடு போறோம். அவரு அண்ணன் அங்க கடை பாத்து வெச்சிருக்காரு. இவளையும் அனுப்பு. என் ரொட்டியை நல்லாத் திங்கறா. ரெண்டு வருஷத்துல தேத்திக் குடுக்கறேன். எனக்கும் பொட்டப் புள்ள இல்ல."

அம்மா சண்டை போடுவாள் என்று நான் நினைத்தேன். போடவில்லை. பிச்சாயியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். குச்சி மாதிரி இருந்தது அந்தக் கை. வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, யாரிடம் என்று இல்லாமல், "அங்கயாவது ரெண்டு வாய் திங்கட்டும்" என்றாள்.

தங்கச்சி போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மைமூனம்மா வீட்டில் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம்கூடக் கழுவவில்லை. எதிர்ச்சந்துக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்தக் கிண்ணம்

"குடிங்க டிரைவரே, ஆறிடும்" என்றார் மைமூனம்மாவின் வீட்டுக்காரர்.

"குடிக்கறேன் பாய்."

அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டுக் குழையக் குழையக் காய்ச்சிய கஞ்சி. வாசம் தூக்கும். எனக்கு எச்சில் ஊறியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார்.

நாக்கு வெளியே தள்ளியது. கண்ணில் நீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

நான் அந்த முகத்தைத் தினமும் பார்த்தவள். அது பிச்சாயி முகம். மீசை வைத்த பிச்சாயி.

பிச்சாயியும் பார்த்தாள். வடையைத் தட்டில் வைத்தாள். முட்டி போட்டே நகர்ந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, மூச்சு விடாத" என்றாள் ரகசியமாக. "மூக்கைப் புடிச்சிக்க. பல்லுல பட விடாத. நேரா உள்ள தள்ளிட்டு உடனே தண்ணி குடி. நான் அப்படித்தான் பண்ணுவேன். சில நாளு நிக்கும்."

அப்பா அவள் சொன்னபடி செய்தார். காக்கிச் சட்டை போட்ட டிரைவர் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைச் சாய்த்தார். நிற்கவில்லை. பாதி கஞ்சி மூக்கு வழியாக வந்தது. முற்றத்துக்கு ஓடினார்.

பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மைமூனம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே தொண்டையைப் படைச்சு வெச்சிருக்கான். இந்த லட்சணத்துல உங்கக்கா வந்து எம் பாலைக் குத்தம் சொன்னாளே! எம் பாலா இது? இவளும்தான் நான் காச்சுன கஞ்சியை ஒரு நாளும் தொட்டதில்ல. வடையை மட்டும் உருவிக்கிட்டு ஓடுவா. தொடலன்னா நான் அடிச்சேனா?"

பிச்சாயி ஒரு சொம்புத் தண்ணீரோடு முற்றத்துக்குப் போனாள். அப்பா முகம் கழுவினார். குனிந்தபடியே இருந்தார்.

"உனக்கும் எறங்காதா?"

"எறங்காது."

"உன்னைய யாராச்சும் அடிச்சாங்களா?"

அப்பா சொம்பைக் கீழே வைத்தார். "வூட்டுக்கு வரியா?" என்று கேட்டார்.

"வந்தா களி திங்கணுமா?"

"வேணாம்."

"அத்தைகிட்ட யாரு சொல்லுவா?"

அப்பா முழித்தார். அந்த மனுஷன் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். "நான் சொல்றேன்" என்றார்.

மைமூனம்மா பிச்சாயியின் தட்டையும் பாவாடையையும் எடுத்துக் கொடுத்தாள். பாவாடைக்குள் நாலு ரொட்டியைச் சுருட்டி வைத்திருந்தாள். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் வீட்டுக்காரர்தான், "போயிட்டு வா மவளே" என்றார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். இன்றைக்குப் பிச்சாயிக்கு அரியலூரில் மூன்று பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகி இருக்கிறார்கள். நடுவுள்ளவனுக்கு மட்டும் அந்தத் தொண்டை. மூத்தவள் என்னை மாதிரி, தட்டையும் சேர்த்துத் தின்பாள். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரே அடுப்பு, ஒரே ஆத்தா. ஆனால் அந்த நடுவுள்ளவனை யாரும் அடித்ததில்லை. அதனால் அவன் நன்றாகவே வளர்ந்தான். ஆறடி இருக்கிறான்.

அக்காளும் தம்பியும்

அத்தை களியைக் கிண்டி முடித்து, தட்டில் மலை மாதிரி வைத்து, நடுவில் குழி பறித்துக் கீரைக்குழம்பை ஊற்றியிருந்தாள். தம்பிக்கு.

"கூட்டியாந்துட்டியா? உக்காரு தம்பி. மொதல்ல நீ தின்னு. இவளுக்கும் ரெண்டு உருண்டை போடறேன். நீ இருக்கயில எப்படித் திங்காம போறான்னு பாக்கறேன்."

அப்பா உட்காரவில்லை. பிச்சாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அவளுக்குக் களி வைக்காத. எறங்காது அவளுக்கு."

"அதென்னடா எறங்காது? தொண்டையில கல்லா கெடக்கு?"

"எனக்கும் எறங்காதுக்கா."

அத்தை சிரித்தாள். "போடா. எங்கையால சட்டி சட்டியாத் தின்னு வளந்தவன் நீ."

"திங்கல."

"என்ன திங்கல?"

"நீ போட்டுட்டு வேலைக்குப் போவ. நான் அதைக் கொண்டுபோயி நாய்க்குப் போட்டுருவேன். நம்ம வூட்டு நாய் ஒண்ணு கொழுத்துக் கெடந்துச்சே, செவலை. அதுக்குத்தான்."

அத்தையின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பஞ்சத்துலயாடா?"

அப்பா தலையை ஆட்டினார்.

"அப்ப நீ எதைத்தான் தின்ன?"

"காந்தலைச் சுரண்டித் திம்பேன். புளியங்கொட்டை வறுப்பேன். சொன்னா நீ அடிப்பன்னு சொல்லல."

அத்தை அடுப்பைப் பார்த்துப் பேசினாள். குரல் சின்னதாகிவிட்டது. "ஆளுக்கு ஒரு உருண்டைதான் வரும். எம் பங்கையும் உனக்குத்தானடா போட்டேன். ஈரத்துணியை வயித்துல சுத்திக்கிட்டுக் களை வெட்டப் போவேன். தம்பி தின்னிருப்பான், தம்பி தின்னிருப்பான்னு நெனச்சுக்கிட்டே வெட்டுவேன். நாயா தின்னுச்சு? நாயா?"

களி கிண்டுகிற துடுப்பு கையிலேயே இருந்தது. எழுந்து வந்து அப்பா முதுகில் போட்டாள். ஒன்று, இன்னொன்று. கண்ணில் புரை, குறி தவறித் தோளிலும் விழுந்தது. அழுதுகொண்டே அடித்தாள். அப்பா குனிந்து வாங்கிக்கொண்டார். அம்மா சுவரோடு சுவராக நின்றாள். அந்தச் சண்டைக்குள் போக எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

பிச்சாயி அப்பா கையை விட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். அத்தையின் இடுப்பு உயரம்கூட இல்லை அவள். அத்தையின் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காத அத்தை. எங்கப்பா வேணும்னு பண்ணல. அவருக்கு எறங்காது அத்தை. நெசமாலுமே எறங்காது."

துடுப்பு மேலேயே நின்றது. அத்தை குனிந்து, அந்தப் புரைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பிச்சாயியின் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

துடுப்பைச் சட்டிக்குள் போட்டாள். முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னடி செல்லம், மரம் மாதிரி நிக்கற? அடைக்கல்லைத் தூக்கி அடுப்புல வை!"